பழைய பாகங்களில் செய்த சோலார் சார்ஜரில் போன் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் அடித்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடை) கிடைத்த பேனலையும் பழைய கார் சார்ஜரையும் சேர்த்து ஒரு சார்ஜர் செய்து வைப்பது நல்ல காரியம். ஆனால் அதைச் செய்து மூலையில் வைத்துவிட்டு, தேவைப்படும் நாளில் எடுத்து மாட்டினால் போன் ஏறாது. ஏறாததற்கான காரணத்தைத் தேட வேண்டியது வெயில் இருக்கும் ஒரு சாதாரண நாளில்.

கீழே சொல்வது இந்த அமைப்பை வைத்து: சோலார் விளக்கிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 10 வாட் பேனல் (36 செல்), கார் சார்ஜரின் உள்போர்டு அல்லது எல்.எம். 2596 பக் கன்வர்ட்டர் போர்டு (பேனலின் வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது). ஒரு யூஎஸ்பி ஏ சாக்கெட். 6 வோல்ட் பேனல் வைத்திருப்பவர்களுக்கு உச்சிவெயில் பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் சோதனைக்கு ஒரு லோடு

வெறும் பேனலில் மல்டிமீட்டரை வைத்தால் 20, 21 வோல்ட் காட்டும். செல்லில் விரிசல் விட்ட பேனலும் அதைக் காட்டும். உள்ளே ஈயப்பற்று பாதி விட்டுப்போன பேனலும் காட்டும். மீட்டர் இழுப்பது மிகமிகக் கொஞ்சம் என்பதால் எந்தக் கோளாறும் அதில் வெளிப்படாது. வீட்டில் செய்த சார்ஜர்களில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு அளவை நம்புவதால் வருவது. லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் ஒரு பாகம், கொடுத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளையாக, செவ்வகமாக இருக்கும். பழைய டிவி போர்டிலும் கிடைக்கும், ஆனால் மதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். மூன்றையும் வரிசையாக இணைத்தால் 30 ஓம். 10 வாட் பேனல் தன் முழுத்திறனில் ஏறத்தாழ 17.5 வோல்ட், 0.57 ஆம்பியர் தரும். அதற்குப் பொருந்தும் லோடு இதே 30 ஓம்தான். யூஎஸ்பி பக்கம் சோதிக்க ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும், அரை ஆம்பியர் இழுக்கும். இரண்டை இணையாகப் போட்டால் ஒரு ஆம்பியர். இவை நன்றாகச் சூடாகும், கையில் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள்.

தெளிந்த வானம், பகல் 11 மணிக்கு மேல், பேனலில் 30 ஓம் லோடு. 14 முதல் 16 வோல்ட் வரை நின்றால் பேனல் நல்ல பேனல். 12-க்குக் கீழே போனால் போர்டையோ போனையோ குறை சொல்ல வேண்டாம், கோளாறு பேனலிலோ அதன் வயரிலோ இருக்கிறது.

போனை மாட்டும் முன் ஒரு கட்டாயச் சோதனை

எல்.எம். 2596 போர்டில் வோல்டேஜ் மாற்றும் சின்னப் பித்தளைத் திருகு இருக்கும். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்டேஜில் நிற்கும் என்று சொல்ல முடியாது, 12 வோல்ட் கூட இருக்கலாம். அது பல சுற்றுத் திருகு. நாலைந்து சுற்று திருப்பியும் மீட்டரில் அசைவே இல்லை என்றால் போர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல் தொடர்ந்து திருப்புங்கள். 10 ஓம் லோடோடு 5.1 வோல்ட்டில் நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். பெட்டிக்குள் ஆடி ஆடித் திருகு நகர்ந்துவிடக் கூடாது.

கன்வர்ட்டரின் உள்சுவிட்ச் ஷார்ட் ஆனால் பேனலின் வோல்டேஜ் அப்படியே போனுக்குப் போகும். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேனலுக்கு ஃபியூஸ் உதவாது; ஷார்ட் ஆனாலும் 10 வாட் பேனல் தருவது 0.6 ஆம்பியர் சுமார்தான், ஒரு ஆம்பியர் ஃபியூஸ் எப்படி உருகும்? அதற்குப் பதில் யூஎஸ்பி சாக்கெட்டின் பிளஸ், மைனஸ் குறுக்கே 1என்5339 என்ற 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் டையோடைப் போடுங்கள், வோல்டேஜ் அந்த அளவைத் தாண்டாமல் அது பிடித்துக்கொள்ளும். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். பேனலின் மொத்தக் கரண்டும் அதன் வழியே ஓடினாலும் மூன்றரை வாட் அளவுதான், அது தாங்கும். சில ரூபாய் பாகம், பல ஆயிரம் ரூபாய் போன்.

அறிகுறி: எதுவுமே நடக்கவில்லை, போர்டில் விளக்கும் இல்லை

பேனலிலிருந்து தொடங்கி போன் நோக்கி நகருங்கள், நடுவில் ஆரம்பிக்காதீர்கள். பேனல் பின்பக்கப் பெட்டியைத் திறந்து, அங்கேயே அளங்கள். அங்கே வோல்டேஜ் இருந்து வயரின் மறுமுனையில் இல்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. வெளியே ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றில் பேனல் ஆடிக்கொண்டே இருந்தால் பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில்தான் இப்படி ஆகும். அந்த இடத்தில் வயரை பிரேமோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

போர்டின் உள்முனை வரை சரியான வோல்டேஜ் வருகிறதா, பிளஸ் மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்.எம். 2596 போர்டுக்குத் தலைகீழ் இணைப்பிலிருந்து பாதுகாப்பு கிடையாது. ஒருமுறை மாற்றிக் கொடுத்திருந்தால் போர்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். கார் சார்ஜராக இருந்தால், முனையின் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே சில வகைகளில் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், அதைப் பாருங்கள். ஸ்பிரிங் முனை பிளஸ், பக்கவாட்டுத் தகடு மைனஸ்.

கார் சார்ஜரில் இன்னொன்று. மலிவான சார்ஜர்களில் உள்வரும் பக்கக் கெப்பாசிட்டர் 16 வோல்ட் அல்லது 25 வோல்ட்டாக இருக்கும். காரில் 14 வோல்ட் என்பதால் பிழைத்துக் கிடந்தது. லோடு இல்லாத பேனலில் 21 வோல்ட் வந்ததும் 16 வோல்ட் கெப்பாசிட்டர் தலை வீங்கி வெடிக்கும். போர்டைத் திறந்தவுடன் அதைக் கழற்றிவிட்டு அதே மைக்ரோ ஃபாரட் அளவில் 35 அல்லது 50 வோல்ட் போடுங்கள்.

அறிகுறி: பேனலில் 20 வோல்ட், போனை மாட்டியதும் படுத்துவிடுகிறது

30 ஓம் லோடில் 6, 7 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்றால் முதலில் நிழலைத் தேடுங்கள். 36 செல்லும் ஒரே வரிசையில் இணைந்தவை. எந்தச் செல்லுக்கு வெளிச்சம் மிகக் குறைவோ அதன் அளவுக்குத்தான் மொத்த வரிசையிலும் கரண்ட் ஓடும். நம் ஊரில் தென்னை இல்லாத வீடு குறைவு. ஒரு ஓலையின் நிழல் பேனலின் ஓரத்தில் கோடாக விழுந்தாலே போதும், பத்து வாட் இரண்டு வாட் ஆகிவிடும். பேனலில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அளவு நிழல் கூட இதைச் செய்யும். காக்கை எச்சமும் அதே வேலையைச் செய்யும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு என்றால் எந்த நேரத்தில் எங்கே வெயில் முழுசாக விழுகிறது என்று ஒருநாள் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

நிழல் இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் கெட்ட செல்லைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 30 ஓம் லோடு போட்டு, மீட்டரை அதன் குறுக்கே வைத்து, ஒரு செல்லின் அளவுக்கு வெட்டிய அட்டையால் ஒவ்வொரு செல்லாக மூடிப் பாருங்கள். நல்ல செல்லை மூடினால் வோல்டேஜ் சட்டென்று விழும். ஒரு குறிப்பிட்ட செல்லை மூடும்போது மட்டும் அளவு அசையவில்லை என்றால், அந்தச் செல் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள். ஒவ்வொன்றையும் இரண்டு நொடிக்கு மேல் மூடி வைக்காதீர்கள். மூடிய செல்லில் மற்ற செல்களின் சக்தி இறங்கி அது சூடேறும்.

கண்ணாடி போட்ட பேனலில் நடுச்செல் போனால் சரிசெய்ய முடியாது, வேறு பேனல் பாருங்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் பின்பெட்டிக்குள் இருக்கும்: பட்டைக்கம்பி வெளியே வந்து வயரோடு சேரும் ஈயப்பற்று. பார்க்க ஒட்டியிருப்பது போல் இருக்கும், சாம்பல் நிறத்தில் மங்கி, சுற்றி மெல்லிய வளையம் தெரியும். அதைச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, மறுபடியும் பற்றவைத்தால் பாதிப் பேனல்கள் உயிர் பெறும்.

பேனல் சரியாக இருந்து போர்டின் உள்முனையில் மட்டும் இறங்குகிறது என்றால் வயரும் டையோடும். பேட்டரி இல்லாமல் நேராகப் போனுக்குப் போகும் அமைப்பில் தடுப்பு டையோடு (கரண்ட் பேனலுக்குத் திரும்பிப் போகாமல் தடுப்பது) தேவையே இல்லை, எடுத்துவிடலாம். பிளஸ் மைனஸ் மாறிவிடும் பயம் இருந்தால் 1என்4007-க்குப் பதில் 1என்5822 போடுங்கள், முதலாவது 0.8 வோல்ட் அளவுக்குத் தின்னும், இரண்டாவது அதில் பாதிதான். இரண்டாவது ஷாட்கி வகை, பழைய கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸிலும் (பவர் சப்ளை பெட்டி) ஷாட்கி டையோடு கிடைக்கும்.

அறிகுறி: "டிங்... டிங்..." ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது

போன் படிப்படியாகக் கரண்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. பேனல் தரக்கூடிய எல்லையைத் தாண்டியதும் வோல்டேஜ் சரிகிறது, போர்டு நிற்கிறது, போன் விடுகிறது. லோடு போனதும் பேனல் நிமிர்கிறது, போன் மறுபடி பிடிக்கிறது. மேகம் ஓடும் நாளில் இது ஓயாது. இதன் இன்னொரு வடிவம்: மேகம் விலகி வெயில் வந்த பிறகும் ஏறாது, ஒயரைப் பிடுங்கி மாட்டினால் உடனே ஏறும். பக் கன்வர்ட்டர் பேனலைத் தாழ்ந்த வோல்டேஜிலேயே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பாகமும் கெடவில்லை.

பெரிய கெப்பாசிட்டர் போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். சில கணங்கள் தாங்கும், மேகத்தைத் தாங்காது. செய்யக்கூடியவை மூன்று. யூஎஸ்பி சாக்கெட்டின் நடு இரண்டு முனைகள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் பிரித்துவிடுங்கள். போன் அரை ஆம்பியரோடு நின்றுகொள்ளும். அல்லது 20 வாட் பேனல். அல்லது நடுவில் பேட்டரி. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் பேட்டரிதான் நிலையான வழி. அடர்ந்த மேகத்தில் 10 வாட் பேனல் ஒன்றிரண்டு வாட்தான் தரும். போனுக்கு அது போதாது, பேட்டரி அதையும் சேர்த்து வைக்கும்.

அறிகுறி: காலையில் நன்றாக ஏறும், உச்சிவெயிலில் நிற்கும்

இது பலரையும் திகைக்க வைப்பது. வெயில் கூடினால் கூடுதலாகத்தானே ஏற வேண்டும்? வெளிச்சம் கரண்டைக் கூட்டும், சூடு வோல்டேஜைக் குறைக்கும். சிலிக்கான் செல் ஒன்று, ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லி வோல்ட்டுக்குச் சற்று மேல் இழக்கிறது. பேனலில் எழுதியிருக்கும் எண்கள் 25 டிகிரிக்கானவை. கான்கிரீட் மாடியில் படுத்துக் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தொடும். 36 செல்லில் அது ஏறத்தாழ 2.8 வோல்ட் இழப்பு: 17.5 என்பது 14.7 ஆகும். 12 வோல்ட் பேனலுக்கு அதனால் பெரிய பாதகமில்லை.

6 வோல்ட் பேனலுக்கு அதுதான் முடிவு. 12 செல்லில் 0.9 வோல்ட் போய், 6 என்பது 5.1 ஆகிறது. எல்.எம். 2596-க்கோ 7805-க்கோ (மூன்று கால் கொண்ட 5 வோல்ட் ரெகுலேட்டர்) 5 வோல்ட் தர ஆறரை, ஏழு வோல்ட் உள்ளே வர வேண்டும். காலையில் குளிர்ந்த பேனலில் எப்படியோ ஓடியது, மதியம் ஓடாது. ஒரே அளவு 6 வோல்ட் பேனல் இரண்டை வரிசையாக இணைப்பது இதற்கு மருந்து. ஒன்றுதான் இருக்கிறது என்றால் பேட்டரி வழி, கீழே சொல்லியிருக்கிறது.

எந்தப் பேனலானாலும் தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். சாய்வும் இதோடு சேர்ந்தது. கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். "பேனலைத் தெற்கே நன்றாகச் சாய்த்து வை" என்பது வடஇந்தியாவுக்கான அறிவுரை. இங்கே தெற்கே 10 டிகிரி போதும், அதுவும் மழைநீர் வழிந்தோடத்தான். கையால் திருப்பி வைக்கும் பேனல் என்றால் மே, ஜூனில் தட்டையாகவே போடலாம்.

பேனல் வோல்டேஜ் இறங்காமல் இருந்தும் மதியம் சார்ஜ் ஏறுவது நிற்கிறதா? 7805 போட்டிருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். அது மிஞ்சிய வோல்டேஜை அப்படியே சூடாக்கித் தள்ளுவது: 15 வோல்ட் உள்ளே, 5 வெளியே, அரை ஆம்பியர் என்றால் 5 வாட் சூடு. குறிப்பிட்ட சூட்டில் தானாக நின்று, ஆறியதும் ஓடும். ஹீட் சிங்க் போட்டால் நிற்காது, ஆனால் பேனல் தரும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு வீண். அதே பேனலில் பக் கன்வர்ட்டர் போட்டால் 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்கு மேல் கிடைக்கும். 7805-ஐ இந்த வேலைக்கு வைக்கவே கூடாது.

மூன்றாவது, போனே சூடாகியிருக்கலாம். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்கக் கூடாது என்பதால் போன் தானே நிறுத்திவிடும். பேனல் நிழலில் போனை வைப்பதும் தப்பு, அங்கேயும் அனல். போன் வீட்டுக்குள், கன்வர்ட்டர் போனுக்குப் பக்கத்தில், நீண்ட வயர் பேனலுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவே. இந்த வரிசையை மாற்றி 5 வோல்ட்டை நீண்ட வயரில் அனுப்பினால் வயரிலேயே பாதி போகும்.

அறிகுறி: ஏறுகிறது, ஆனால் "மெதுவாக சார்ஜ் ஆகிறது" என்று காட்டுகிறது

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெல்லிய கேபிளில் (28 கேஜ்) ஒரு மீட்டருக்குப் போக வர 0.4 ஓம் சேரும். ஒரு ஆம்பியரில் 0.4 வோல்ட் காணாமல் போகும். 5.1 வைத்தாலும் போனுக்கு 4.7 தான். கேபிள் நல்லது என்றால் சாக்கெட்டின் நடு இரண்டு முனைகள். அவை எதோடும் சேராமல் இருந்தால் போன் அதைக் கணினி என்று எண்ணி அரை ஆம்பியரோடு நிற்கும். இரண்டையும் ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்தால் சார்ஜர் என்று புரிந்துகொண்டு கூடுதலாக இழுக்கும். 5 வாட் பேனலில் இதைச் செய்யாதீர்கள், "டிங் டிங்" தொடங்கிவிடும்.

10 வாட் பேனலுக்கு எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். 5000 மில்லி ஆம்பியர் போன் என்பது 19 வாட் மணி. இழப்பெல்லாம் சேர்த்து நல்ல வெயிலில் நாலைந்து மணி நேரம்.

அறிகுறி: சார்ஜில் இருக்கும்போது திரை தானாகத் தொடுகிறது

வெளிப்பக்கக் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. பழைய போர்டில் எடுத்ததைப் போட்டால் இது சகஜம். 105 டிகிரி என்று எழுதிய புதிய 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் ஒன்றைப் போட்டு, பக்கத்திலேயே 104 என்று எழுதிய சின்னத் தட்டு கெப்பாசிட்டரையும் சேருங்கள்.

அறிகுறி: நடுவில் பேட்டரி வைத்தும் இரவுக்குத் தாங்கவில்லை

பழைய லேப்டாப் பேட்டரியின் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்), அதைச் சார்ஜ் செய்யும் டிபி4056 போர்டு, 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்ட் போர்டு என்பது வழக்கமான அமைப்பு. 6 வோல்ட் பேனலை டிபி4056-இல் நேராகக் கொடுக்கலாம். அது தாங்குவது 8 வோல்ட் வரை என்பதால் 12 வோல்ட் பேனலைக் கொடுத்தால் எரியும். அதற்கு முன்னால் பக் கன்வர்ட்டர் வேண்டும். 3 வாட் பேனல் என்றால் போர்டிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 2.4 கிலோவாக மாற்றுங்கள். சார்ஜ் கரண்ட் ஒரு ஆம்பியரிலிருந்து அரையாகி, பேனல் படுக்காது.

தாங்காததற்குப் பெரும்பாலும் காரணம் கணக்கு. 2200 மில்லி ஆம்பியர் செல் ஒன்றில் 8 வாட் மணி. பூஸ்ட் போர்டைத் தாண்டி 7 வரும். 19 வாட் மணி போனில் அது மூன்றில் ஒரு பங்கு. மூன்று, நான்கு செல்களை இணையாக இணைக்க வேண்டும், எல்லாம் ஒரே வோல்டேஜுக்கு வந்த பிறகு மட்டும்.

செல்லைத் தேர்ந்தெடுப்பதில் இரக்கம் காட்டாதீர்கள். பிரித்து எடுத்தபோது 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது வேண்டாம். 4.2 வரை ஏற்றி ஒரு வாரம் தனியாக வைத்து, 4.1-க்குக் கீழே போனதையும் சேர்க்காதீர்கள். ஏறும்போது தொட முடியாத சூடு, துரு, வீங்கிய முனை, இனிப்பான ரசாயன வாசனை எதுவானாலும் அந்தச் செல் வெளியே. சோதனையின்போது செல்லை ஓட்டின் மேல் வையுங்கள், பாயிலோ மரப்பலகையிலோ வேண்டாம். ஒதுக்கிய செல்லின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பையோடு எரித்தால் வெடிக்கும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு அல்லது சில மாதங்களில் மெல்ல மெல்லக் குறைகிறது

குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலோரம் என்றால் உப்பு. செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். அங்கே தடை ஏறி, லோடில் மட்டும் வோல்டேஜ் குறையும். பச்சையைச் சுரண்டி, வயரைப் புதிதாக உரித்து, நுனிக்கு ஈயம் பூசி இணைத்து, மேலே வாஸ்லின் தடவுங்கள். பேனல் முகத்தில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில், விடியற்காலையில் கழுவ வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

பின்பெட்டியை அடைக்க சிலிகான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வருவது செம்பை அரிக்கும் வகை. நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், அப்போது மழைநீர் வளைவில் சொட்டிவிடும். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளையை அடைக்காமல் விடுங்கள். உள்ளே வேர்க்கும் ஈரம் வடிய அது வேண்டும்.